அந்த அரைக் கட்டை

பிப்ரவரி 3

அண்ணனுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இது என்னைப் பற்றிய கடிதம் இல்லை, ஒரு ரெக்கார்டு பிளேயரைப் பற்றியது. என்மேல் உனக்கு ஏழு வருஷக் கோபம் இருக்கலாம். பிளேயர் உனக்கு ஒரு பாவமும் செய்யவில்லை.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். பகல் முழுக்க வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. சாயங்காலம் பாடுவதற்கு மட்டும் திறக்கலாம். "இவ வாய மூட ஒருத்தன் பொறந்து வரணும்" என்று சின்ன வயதில் சொல்வாயே, வந்துவிட்டார். சந்தோஷப்படு.

ஓர் அரங்கத்தில் எழுபத்தைந்து மாலை பாட ஒப்புக்கொண்டிருக்கிறேன். வாரம் ஒரு நாள் விடுமுறை. ஏழு முடிந்தது. வேறென்ன பாட்டு, நீ பதிவு செய்த அதே பாட்டுதான். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. முதலில் ஒரு மணி நேரம் ஆட்டக்காரர்கள் ஆடுவார்கள். பிறகு மேடையில் ஒரு பிளேயரை வைத்து, அந்த ரெக்கார்டின் இரண்டாம் பக்கத்தை ஓட விடுவார்கள். என் குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் இருக்கும் பக்கம். அதோடு சேர்ந்து நான் நேரில் பாட வேண்டும். ரெக்கார்டு சுழல்வதைப் பார்க்கவே பாதிக் கூட்டம் வருகிறது.

மேடை மரப்பலகை. ஆட்டம் முடிந்தும் பின்னால் யாராவது நடந்தால் பலகை குதிக்கிறது, ஊசியும் குதிக்கிறது. நேற்று ஒரே வரியை மூன்று தடவை பாட வேண்டியதாயிற்று. உருகிப் பாடுகிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். பிளேயரை ஓட்டுகிறவர் நல்ல மனிதர், ஊசிக்காரர் என்று கூப்பிடுவோம். அவர் ஊசியின் தலைமேல் ஒரு நாணயத்தை ஒட்டி வைத்திருக்கிறார். அது சரியா? உன்னைத் தவிர யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

எனக்குக் கொடுத்திருக்கும் அறை மேடைக்கு நேர் அடியில். ஜன்னல் கிடையாது. யாரிடமாவது வாயைக் கொடுத்துவிடுவேனாம், மதியத்திலிருந்து அரங்க முதலாளி வெளியே தாழ்ப்பாள் போட்டு வைக்கிறார். "எல்லாம் உங்க தொண்டைக்குத்தான்" என்கிறார். தலைக்கு மேல் ஆட்டக்காரர்கள் ஒத்திகை பார்க்கும் சத்தத்தில் இதை எழுதுகிறேன்.

தங்கச்சி

பிப்ரவரி 8

தங்கைக்கு,

நாணயத்தை உடனே எடுக்கச் சொல். எடை ஏற்றினால் ஊசி குதிக்காது, உண்மைதான். அதற்குப் பதிலாகப் பள்ளத்தை உழுதுவிடும். ஏழு நாள் அப்படி ஓடியது உன் சொந்த ரெக்கார்டாக இருந்தால் அதை மறந்துவிடு.

ஊசியைத் தாங்கும் அந்தக் கைக்கு என்று ஒரு துள்ளல் உண்டு. வினாடிக்கு எட்டு ஒன்பது தடவை ஆட அது தயாராகவே இருக்கும். பலகையின் அதிர்வும் அதே கணக்கில் வந்தால் விட்டால் போதும் என்று ஆட ஆரம்பித்துவிடும். எடையால் அதை அடக்க முடியாது. இழுவையால் அடக்க வேண்டும்.

கை திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் விரல் அகலத்தில் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறதா பார்க்கச் சொல். பெரும்பாலும் வறண்டு கிடக்கும், தூசு தட்டுகிற இடம் என்று நினைத்திருப்பார்கள். அதில் சிலிகான் எண்ணெய் ஊற்ற வேண்டும். தேனைவிடக் கெட்டியாக இருப்பதை வாங்கவும். கையோடு இணைந்த ஒரு தகடு அந்த எண்ணெயில் முங்கியிருக்கும். மெதுவாக நகர்ந்தால் எண்ணெய் வழி விடும், துள்ளினால் விடாது. பாதி முங்கினால் போதும். முழுக்க முக்கினால் கை மரத்துப்போய், ரெக்கார்டின் மேடு பள்ளத்தோடு ஏறி இறங்க மறுக்கும். பிளேயருக்கு அடியில் கனமான கல் பலகை ஒன்று வைக்கவும்.

சுழல்தட்டின் ஓரத்தில் புள்ளிகள் இருக்கும். விளக்கொளியில் அவை நிற்கின்றனவா என்று தினமும் பார்க்கச் சொல்.

தொண்டையைப் பற்றி எனக்குத் தெரியாது. டாக்டர் சொல்வதைக் கேள்.

அண்ணன்

பிப்ரவரி 12

அண்ணா,

தொட்டி இருந்தது. ஊசிக்காரர் அதில் தீக்குச்சி போட்டு வைத்திருந்தார். எண்ணெய் ஊற்றிய அன்றிலிருந்து ஊசி பள்ளத்தைவிட்டு அசையவில்லை. மேடையில் வேண்டுமென்றே குதித்துப் பார்த்தார், நாற்பத்தைந்து வயது மனிதர். "உங்க அண்ணன் கைய கண்ல ஒத்திக்கணும்மா" என்றார். நீ ஐந்து பத்தி எழுதினாய், அதில் எனக்கு ஒன்றரை வரி. பரவாயில்லை. பிளேயர் என்று எழுதினால்தான் நீ பதில் போடுவாய் என்று தெரிந்துதான் அப்படி ஆரம்பித்தேன்.

இப்போது உண்மையைக் கேட்கிறேன். அந்த பிளேயரை யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் மெதுவாக ஓட்ட வழி உண்டா? அரைக் கட்டை இறங்கினால் போதும்.

ரெக்கார்டில் பாட்டு ஐந்தரைக் கட்டை. நான் அன்று பாடியது ஐந்து. இருபத்திரண்டு வருஷமாக அந்த அரைக் கட்டையை எட்டிப் பிடித்துப் பிடித்தே தொண்டை புண்ணாகிவிட்டது. எங்கே போனாலும் வாத்தியக்காரர்கள் ரெக்கார்டை வைத்துத்தான் சுருதி சேர்க்கிறார்கள். இறக்குங்கள் என்றால், "ஏம்மா, எட்டலையா?" என்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எட்டினேன். போன வாரம் கொப்பளித்துத் துப்பியதில் ரத்தம். இப்படியே போனால் பாட்டு மட்டும் இல்லை, பேச்சும் போகும் என்கிறார் டாக்டர். விட்டுவிட்டும் போக முடியாது. பாட்டு முதலாளியின் கம்பெனிக்குச் சொந்தம், நடுவில் நிறுத்தினால் இனி எங்கேயும் அதை நான் பாடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

அந்த ஒப்பந்தத்தோடு இன்னொரு காகிதமும் குத்தியிருக்கிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால், சுருதியை இறக்கக் கேட்டு அதே முதலாளியின் அறையில் நான் நின்றபோது நீ எழுதிக் கொடுத்தாயே, அந்தச் சான்றிதழ்தான். "ரெக்கார்டின் வேகம் சரியானது." எழுதியது போதாது என்று அவர் முன்னாலேயே என்னைப் பார்த்து, "ரெக்கார்டு பொய் சொல்லாது, நீ சாதகம் பண்றதில்ல" என்றாய். அன்று நான் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்ததுதான் உன்னோடு நான் போட்ட சண்டை.

தங்கச்சி

பிப்ரவரி 16

தங்கைக்கு,

முடியாது. இது பிடிவாதம் இல்லை.

ஆவணக் காப்பகத்தில் நாலாயிரம் ரெக்கார்டுகளை என் கையெழுத்தின்மேல் பிரதி எடுத்திருக்கிறோம். ஒரு ரெக்கார்டு எந்த வேகத்தில் வெட்டப்பட்டதோ அந்த வேகத்தில்தான் ஓட வேண்டும் என்று சொல்லித்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நீ கேட்பது திருட்டுத்தனம்.

உன் ரெக்கார்டு வெட்டியபோது அருகில் இருந்தவன் நான். சுழல்தட்டின் ஓரத்தில் நூற்றெண்பது புள்ளி. பக்கத்தில் ஒரு விளக்கு. மின்சாரம் வினாடிக்கு ஐம்பது தடவை துடிக்கும், விளக்கு நூறு தடவை மினுக்கும். வேகம் சரியாக இருந்தால் புள்ளிகள் நின்ற இடத்தில் நிற்பது போலத் தெரியும். கூடினால் முன்னால் ஓடும், குறைந்தால் பின்னால். அன்று அவை ஆணி அடித்த மாதிரி நின்றன, நான் என் கண்ணால் பார்த்தேன். சான்றிதழ் கொடுக்கும்போது இன்னொன்றும் பார்த்தேன். பாட்டுக்கு அடியில் மின்சாரத்தின் மெல்லிய இரைச்சல் ஒன்று பதிவாகியிருக்கிறது. அளந்தால் சரியாக ஐம்பது. வேகம் தவறியிருந்தால் அதுவும் தவறியிருக்கும்.

பத்தொன்பது வயதில் எட்டியது நாற்பத்தொன்றில் எட்டவில்லை என்றால் அதற்குப் பெயர் வயது. உடம்பைப் பார்த்துக்கொள். தொட்டியில் எண்ணெய் குறைந்தால் ஊற்றச் சொல்.

அண்ணன்

பிப்ரவரி 19

புள்ளி மன்னருக்கு,

பெரிய எழுத்தில் எழுதுகிறேன், கத்த முடியாததால்.

உனக்குப் புள்ளி இருக்கிறது, இரைச்சல் இருக்கிறது, நாலாயிரம் ரெக்கார்டு இருக்கிறது. எனக்கு என் காது மட்டும்தான். அப்பாவின் ஹார்மோனியத்தில் ஐந்தாம் கட்டையில் விரலை வைத்து ஆரம்பித்தேன். அது என் விரல், எனக்கு ஞாபகம் இருக்காதா?

அன்று நடந்தது ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. காலையிலிருந்து கரண்ட் இல்லை. மின்விசிறி ஓடாமல் உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கொல்லைப்புறத்தில் வாடகை ஜெனரேட்டர் இருமிக்கொண்டே இருந்தது, அந்தச் சத்தம் உள்ளே வராமல் இருக்க ஜன்னலில் நீயே கம்பளிகளைக் கட்டினாய். "ஒரே டேக்ல முடிச்சுடு, அது நின்னுட்டா போச்சு" என்றாய். நானும் ஒரே மூச்சில் முடித்தேன். அதற்குக் கிடைத்த மரியாதை, சாதகம் பண்ணுவதில்லை என்ற பட்டம்.

இனிமேல் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன். எண்ணெய்க்கு நன்றி.

பிப்ரவரி 27

வாலு,

ஐந்து நாளாக மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உன் அண்ணி கடைசியில் பேனாவைக் கையில் கொடுத்து, "எழுதி முடிக்காம சாப்பிட வராதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

நீ சொன்னதுதான் சரி.

ஜெனரேட்டர் எனக்கு மறந்தே போயிருந்தது. கம்பளி கட்டியது கூட உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வெட்டும் மிஷினின் மோட்டார் அந்த ஜெனரேட்டரில்தான் ஓடியது. புள்ளிகளைக் காட்டிய விளக்கும் அதில்தான் எரிந்தது. பாரம் தாங்காமல் அது ஐம்பதுக்குப் பதில் நாற்பத்தேழுதான் துடித்திருக்கிறது. மோட்டார் மெதுவாகச் சுற்றியது. விளக்கும் அதே அளவு மெதுவாக மினுக்கியது. இரண்டும் கூட்டாகத் தவறியதால் புள்ளிகள் அசையவில்லை. நான் புள்ளிகளை மட்டும் பார்த்தேன். மெதுவாகச் சுற்றும்போது வெட்டியதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாம் உயரும். கணக்குப் போட்டால் அரைக் கட்டை, ஒரு மயிரிழை முன்னே பின்னே. அந்த இரைச்சலும் நாற்பத்தேழாக உள்ளே போய் ஐம்பதாக வெளியே வந்திருக்கிறது.

இதோடு முடித்திருந்தால் என்னை மன்னிப்பது உனக்குச் சுலபம். முடியவில்லை. சான்றிதழ் கொடுப்பதற்கு முந்தின நாள், அப்பாவின் ஹார்மோனியத்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, ரெக்கார்டோடு சேர்த்து வாசித்துப் பார்த்தேன். சேரவில்லை. சரியாக அரைக் கட்டை. ஹார்மோனியத்துக்கு வயதாகி சுருதி இறங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்ப உள்ளே தள்ளினேன். வயதானாலும் உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகள் எல்லாம் ஒரே அளவு இறங்காது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தே தள்ளினேன். அடுத்த நாள் அந்த அறையில் உன்னைப் பார்த்து அந்த வார்த்தையையும் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கோடையில் அதே ஜெனரேட்டரில் முப்பத்தொரு ரெக்கார்டு வெட்டினோம். எல்லாம் காப்பகத்தில் என் கையெழுத்தோடு இருக்கின்றன. மே மாதம் எனக்கு ஓய்வு. அதுவரை இதை வெளியே சொல்ல என்னால் முடியாது.

ஆனால் உன் பிளேயரை மெதுவாக்கித் தருகிறேன். மோட்டாரின் தலையில் ஒரு சின்னப் பித்தளை உருளை இருக்கும், அதிலிருந்துதான் பெல்ட் சுழல்தட்டைச் சுற்றுகிறது. அந்த உருளை சிறுத்தால் தட்டு மெதுவாகும். ஊசிக்காரரை நம்பலாம் என்றால், கறுப்புத் தையல் நூலை உருளைமேல் பக்கம் பக்கமாகப் பத்துச் சுற்று சுற்றி வெட்டி அனுப்பச் சொல். வெள்ளை நூலைச் சுழல்தட்டின் விளிம்பில் ஒரே ஒரு சுற்று. இரண்டு நூலையும் கடிதத்தில் வை.

அண்ணன்

மார்ச் 2

அண்ணா,

நூல் இரண்டும் இதில் இருக்கின்றன. கறுப்பு நூல் வழுக்கி விலகியதால் ஊசிக்காரர் அதை இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப இத்தனை நாளா நான்தான் உங்களுக்கு மேல ஏத்தி ஓட்டிட்டிருந்தேனா?"

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை, எனக்குப் பைத்தியம் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது. ஐந்தாவது தடவை கோபம்தான் வந்தது. எனக்காகத் திருட்டு உருளை கடைந்து தருவாய். ஆனால் "நான் எழுதிக் கொடுத்தது தப்பு" என்று ஒரு வரி எழுத மே மாதம் ஆக வேண்டும். உனக்கு நாற்காலி, எனக்குத் தொண்டை. நாற்காலிக்கு ஓய்வு தேதி இருக்கிறது.

இன்னொன்று. முதலாளி தினமும் விளக்கைப் போட்டுப் புள்ளிகளைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் முதல் வரிசையில் போய் உட்காருகிறார். அதுவும் உன் சான்றிதழில் படித்த பாடம்தான். வேகம் குறைந்தால் புள்ளிகள் ஓடுமே, அதற்கு என்ன செய்வது?

தங்கச்சி

மார்ச் 9

வாலு,

இத்துடன் ஒரு பித்தளை உருளை, ஒரு காகிதப் பட்டை.

உருளையைக் கடைந்து மூன்றைத் தூக்கிப் போட்டேன், இது நாலாவது. வெள்ளை நூலின் நீளத்துக்குப் பட்டையை வெட்டியிருக்கிறேன். சுழல்தட்டின் விளிம்பில் பழைய புள்ளிகளை மறைத்து ஒட்ட வேண்டும், இணைப்பு பின்பக்கம் வரட்டும். அதில் நூற்றெண்பதுக்குப் பதில் நூற்றுத் தொண்ணூற்றொரு புள்ளி. மெதுவாகச் சுற்றும்போது இவைதான் அசையாமல் நிற்கும். எத்தனை புள்ளி என்று யாரும் எண்ண மாட்டார்கள். நானே எண்ணியதில்லை.

ராத்திரி பகலாக உட்கார்ந்து போட்டேன் என்றெல்லாம் நினைக்காதே, ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். கை கூசியது. நீ கேட்ட அந்த ஒரு வரியை மட்டும் இன்னும் எழுதவில்லை.

அண்ணன்

மார்ச் 17

அண்ணா,

ஐந்து மாலை பாடிவிட்டேன். ரத்தம் இல்லை.

முதல் நாள் வாத்தியம் ஆரம்பித்ததும் உடம்பு தன்னால் எக்கத் தயாரானது, எக்க வேண்டிய இடம் அங்கே இல்லை. மாடிப்படி முடிந்தது தெரியாமல் இன்னொரு படிக்குக் காலைத் தூக்குவோமே, அப்படி இருந்தது. இரண்டாம் அடியில் சுதாரித்துக்கொண்டேன். மூன்றாம் அடியிலிருந்து நான் பாடவே இல்லை, அதுவாக வந்தது. எனக்கு இப்படி ஒரு குரல் இருந்தது எனக்கே மறந்திருந்தது.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. கேட்டுக்கொள், ஒருத்தர்கூட. முதலாளி புள்ளிகளைப் பார்த்தார், உட்கார்ந்தார், கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் வந்து, "இன்னைக்குத்தான் ரெக்கார்டுல இருக்கற மாதிரியே இருந்துச்சு" என்றார். கீழே அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன், பிறகு சத்தம் வராமல் அழுதேன். இத்தனை வருஷமாக யாருக்காக அண்ணா எட்டிப் பிடித்தேன்?

இப்போதைக்கு நீ எதுவும் எழுத வேண்டாம். வெளியே தெரிந்தால் இதுவும் போய்விடும். ஒப்பந்தம் முடியட்டும்.

தங்கச்சி

மார்ச் 25

அண்ணா,

போய்விட்டது.

கடைசி வாரத்துக்கு மேடையில் ஒரு கீபோர்டும் இருக்கட்டும் என்று முதலாளி ஓர் ஆளை நேற்று மதியம் கூட்டி வந்தார். அவன் ரெக்கார்டைக் கேட்டுவிட்டு ஐந்தரையில் தயார் செய்து வந்திருக்கிறான். ஒத்திகையில் ஒட்டவில்லை. கள்ளங்கபடம் இல்லாமல், "சார், இது அஞ்சு கட்டையில ஓடுதே" என்றான். பத்து நிமிஷத்தில் சுழல்தட்டைக் கழற்றிவிட்டார்கள். முதலாளி மேஜைமேல் பட்டையை விரித்து, பேனாவால் ஒவ்வொன்றாகக் குறி போட்டுப் புள்ளிகளை எண்ணினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஊசிக்காரர், "நான்தான் சார்" என்றார். "உங்களுக்குத்தான் பேசக் கூடாதுன்னு உத்தரவாச்சே" என்று பிறகு எனக்குச் சமாதானம் சொன்னார். பெட்டியை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார்.

பழைய உருளை திரும்ப ஏறியாயிற்று. நேற்று மாலை ஐந்தரையில்தான் பாடினேன். தன் சொந்த இடத்துக்குப் போய்விட்டு வந்த தொண்டை இப்போது இன்னும் முரண்டு பிடிக்கிறது. கொப்பளித்தால் சிவப்பு. கதவுக்கு இப்போது பூட்டும் போட்டிருக்கிறார்.

தங்கச்சி

மார்ச் 28

வாலு,

மே வரை காத்திருக்கவில்லை. முதலாளிக்கும் காப்பகத் தலைவருக்கும் இன்று பதிவுத் தபாலில் அனுப்பியதன் நகல் கீழே:

"இந்த ரெக்கார்டின் வேகம் சரியானது என்று ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் அளித்த சான்றிதழ் தவறானது. பதிவு நடந்த நாளில் மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வந்ததால், வெட்டும் மிஷின் நிர்ணயித்த வேகத்தைவிட நூற்றுக்கு ஆறு பங்கு மெதுவாகச் சுற்றியது. ஆகவே ரெக்கார்டு அரைக் கட்டை உயர்ந்து ஒலிக்கிறது. பாடியவர் இதை என்னிடம் அப்போதே சொன்னார். ஒத்துவராத சான்று என் வீட்டிலேயே இருந்தும் நான் அதை மறைத்தேன். அவருடைய சாதகத்தில் குறை என்று பிறர் முன்னிலையில் சொன்னதும் பொய். புள்ளிப் பட்டையும் உருளையும் என் வேலை. பிளேயரை ஓட்டியவர் மேல் குற்றம் இல்லை. அதே ஜெனரேட்டரில் பதிவான மற்ற முப்பது ரெக்கார்டுகளின் பட்டியலை இணைத்திருக்கிறேன்."

ஒரு வரி என்று கேட்டாய், கொஞ்சம் நீண்டுவிட்டது.

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

உன் காகிதத்தை முதலாளி என் எதிரிலேயே படித்தார். "பாடியவர் இதை என்னிடம் அப்போதே சொன்னார்" என்ற இடம் வந்ததும், அதை மட்டும் இன்னொரு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லி எழுதிக் காட்டினேன். படித்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் நின்று கேட்டேன். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன், சீக்கிரம் மன்னிக்கிறேன் என்று பெருமைப்படாதே.

ஆனால் பிரயோஜனம் இல்லை. காகிதத்தை மடித்து மேஜை அறைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க அண்ணன் நல்ல மனுஷன். ஆனா ஒப்பந்தத்துல உண்மைன்னு எங்கயாவது இருக்கா பாருங்க. ரெக்கார்டுன்னுதான் இருக்கு." மிஷினில் இனி ஒரு திருகு மாறினாலும் ஒப்பந்தம் முறிந்ததாக அர்த்தமாம். கூட்டத்துக்கு வித்தியாசம் தெரியவில்லையே என்று எழுதினேன். "எனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்கிறார். கீபோர்டுக்காரனை வைத்தே ஓட்டிப் பார்த்தார், அவன் இரண்டு நாளில் இரண்டு ஊசி உடைத்தான். கடைசியில் என்னிடமே கேட்கிறார், உன் அண்ணன் வந்து மிச்ச நாளுக்கு ஓட்டிக் கொடுப்பாரா என்று. வெட்கம் என்பதே கிடையாது அந்த மனிதருக்கு.

இன்னும் பதினெட்டு மாலை. டாக்டர் நேற்று கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார், வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

தங்கச்சி

ஏப்ரல் 8

வாலு,

வருகிறேன். முதலாளிக்குப் போனில் சொல்லிவிட்டேன். செவ்வாய் காலை வண்டி, மதியத்துக்குள் அங்கே இருப்பேன்.

இங்கே என்னைத் தேடுகிறவர் யாரும் இல்லை. காப்பகத்தில் சாவிக் கொத்தை வாங்கிக்கொண்டார்கள். முப்பத்தொன்றையும் வேறொருவர் அளக்கப் போகிறார். கேட்டால் சொல்லிக் கொடுப்பேன், கேட்கவில்லை. அண்ணிதான் பெட்டியை எடுத்து வைத்தாள். "இப்பவாவது தங்கச்சிக்குப் போய் நில்லுங்க" என்றாள்.

மிஷினில் ஒரு திருகையும் தொட மாட்டேன். பழைய உருளை, பழைய பெல்ட், எல்லாம் இருந்தபடி இருக்கட்டும். சுழல்தட்டின் விளிம்பில் என் விரலை வைக்கப் போகிறேன். அவ்வளவுதான். மேலே பட்டும் படாமலும் அழுத்தினால் பெல்ட் கொஞ்சம் வழுக்கும், தட்டு மெதுவாகும். மூன்று நாளாக வீட்டில் பழகிப் பார்க்கிறேன். முதல் நாள் பாட்டு கள் குடித்தவன் மாதிரித் தள்ளாடியது. துணி வைத்துப் பார்த்தேன், தோல் வைத்துப் பார்த்தேன், வெறும் விரல்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பாட்டு மொத்தம் நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி. நேற்று சாயங்காலம் முழுப் பாட்டையும் தள்ளாடாமல் பிடித்தேன். நுனித்தோல் போய்விட்டது, வேறு விரல்கள் இருக்கின்றன. முதலாளி கேட்டால், ஒப்பந்தத்தில் விரல் என்று எங்கேயாவது இருக்கிறதா பாருங்கள் என்பேன். அதற்கு மேல் என்ன செய்வார் என்று தெரியாது. நிறுத்தச் சொன்னால் உன்னோடு சேர்ந்து நானும் வெளியே வருவேன்.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்கிறேன். விரலுக்கு அளவு தெரியாது, எனக்கும் அந்த இடத்தில் அளக்க ஒன்றும் இருக்காது. வாத்தியம் ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பு. கூடுதலாக இருந்தால் கையைக் கொஞ்சம் இறக்கு, குறைந்தால் ஏற்று. நீ போதும் என்கிறவரை நகர்த்துகிறேன். எந்த இடத்தில் தலையாட்டுகிறாயோ, அதுதான் சரியான வேகம்.

அண்ணன்